பரபக்கம் பயிலும் வகுப்பு

திருவனந்தபுரத்தில் தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து எம்.ஜி. சாலையில் பாளையம் நோக்கிப் போனால் யூனிவர்சிட்டி காலேஜ் வரும். அது மகாராஜா கல்லூரியாக இருந்த காலத்தில் அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்தவர் பெ. சுந்தரம் பிள்ளை. அவரை இப்போது நினைக்க ஒரு காரணம் உண்டு. மேல்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் ஆங்கில இலக்கியமும் கட்டுரை எழுத்தும் கற்பிக்கும் பாடங்களை இன்று பல குடும்பங்கள் நாடுகின்றன. வேற்றுச் சமயச் சூழலில் பிறந்த நூல்களில் இளம் மனம் இவ்வளவு தோய்ந்தால் சொந்த நம்பிக்கை கரைந்துவிடாதா என்று பக்தியுள்ள பெற்றோர் அஞ்சுகிறார்கள். மதிக்க வேண்டிய அச்சம்தான் அது. ஆனால் சுந்தரம் பிள்ளையின் எழுத்து வேறொன்றைக் காட்டுகிறது.

1891இல் வெளிவந்த அவரது மனோன்மணீயம் நாடகத்தின் மூலக்கதை லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய கதைப்பாட்டு. அதிலுள்ள சிவகாமி சரிதம் கோல்ட்ஸ்மித்தின் துறவி பற்றிய பாடலைத் தழுவியது. நூலைத் தம் ஆசிரியர் ஹார்விக்கு உரிமையாக்கினார். நாடகத்தின் முனிவருக்கோ அவருடைய குரு கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் பெயர். நாடகத்தின் ஜீவகனும் குடிலனும் உயிர், மாயை என்ற சைவப் பொருளை நினைவூட்டி நடமாடுகிறார்கள். ஆங்கிலக் கவிதையை ஊன்றிப் படித்தவர் சைவத்தை விட்டு நகரவில்லை. அதைச் சொல்ல இன்னொரு வடிவம் பெற்றார். கட்டுரை எழுத்திலும் இதே கதைதான். தேவாரம் பாடிய திருஞானசம்பந்தரைப் பேராயர் கால்டுவெல் 13ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளியிருந்தார். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவராக இருக்க முடியாது என்று சுந்தரம் பிள்ளை ஆங்கிலத்திலேயே சான்று அடுக்கி நிறுவினார். பேராயரின் முடிவை மறுக்க அவருக்குப் பக்தி மட்டும் போதவில்லை, ஆதாரத்தை எடைபோடும் பயிற்சியும் வேண்டியிருந்தது.

ஒன்றைப் புரிந்துகொள்வது வேறு, அதற்கு உடன்படுவது வேறு. இந்த வேறுபாடு சைவத்துக்குப் புதிதல்ல. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பரபக்கத்தை முதலில் வைத்து, பிறர் கொள்கைகளைச் சொல்லி மறுத்த பிறகே தம் கொள்கையான சுபக்கத்துக்கு வருகிறார். எதிர்வாதத்தை அதன் முழு வலிமையோடு சொல்லிவிட்டு மறுக்கச் சொல்லும் இன்றைய கட்டுரை வகுப்பும் அந்த வரிசையையே கேட்கிறது. இந்த ஆங்கிலப் பாடமே ஆள்வதற்காக வந்ததல்லவா என்று கேட்கலாம். ஆம். சமயத்தில் தலையிடுவதில்லை என்றிருந்த ஆட்சி, கிறித்தவ ஒழுக்கத்தை இலக்கியத்தின் வழியே புகட்ட முயன்றதை கௌரி விஸ்வநாதன் 1989இல் எழுதிய நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்த நோக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கொடுத்தவர் நோக்கம் கற்றவர் அறிவைக் கட்டுப்படுத்திவிடாது. கால்டுவெல்லுக்குக் கிடைத்த மறுப்பே அதற்குச் சான்று.

இதைவிடக் கனமான தடை ஒன்றுண்டு. சுந்தரம் பிள்ளைக்குக் குருவும் தேவாரமும் முன்பே இருந்தன. இன்றைய மாணவருக்குச் சுபக்கமே கைவசம் இல்லையே? இது உண்மை, எனக்கு வேதனை தருவதும் இதுதான். எனினும் இதற்காக ஆங்கில வகுப்பைக் குறைப்பது தவறான மருந்து. மில்டனைச் சொல் சொல்லாக ஆராயும் அதே ஆண்டில் திருவாசகத்தையும் அதே கண்டிப்புடன், கேள்வி கேட்டு, மறுத்து, காரணம் காட்டி எழுதிப் பயில வேண்டும். பள்ளி நேரம் ஒதுக்காவிட்டால் சபைகள் ஒதுக்கட்டும். கல்லூரியில் தத்துவம் நடத்திய அதே சுந்தரம் பிள்ளைதான் இந்த நகரில் சைவப் பிரகாச சபையையும் நிறுவினார்.