வரைபடத்தில் அடங்காத வருசநாடு

மனிதருக்கும் நிலத்துக்கும் இடையிலான உறவை ஆராயும் மானிடப் புவியியலுக்குச் சமூக, பண்பாட்டுக் கோட்பாடுகள் இன்றியமையாதவை. பிரெஞ்சு அறிஞர் ஆன்றி லெஃபேவ்ர் 1974இல் வெளியிட்ட நூலில், இடம் என்பது ஆட்சியின் திட்டம், அன்றாட உழைப்பு, மக்களின் நினைவு ஆகியவை ஒன்றோடொன்று மோதி உருவாக்கும் சமூக விளைபொருள் என்று வாதிட்டார். வைகை ஊற்றெடுக்கும் வருசநாட்டு மலைக்காடுகள் 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் அடங்கியபோது, அரசு ஆவணம் ஆக்கிரமிப்பு என்று குறித்த நிலமே, இலவமரம் வளர்த்துப் பஞ்செடுத்துப் பிழைத்தவர்களுக்கு வாழ்விடமாக இருந்தது என்னும் முரணை அவர் கோட்பாடு தெளிவாக விளக்குகிறது. எனினும், வெளியிலிருந்து வரும் கோட்பாடு மட்டும் போதாது. வருசநாட்டை அடுத்துள்ள கம்பம் பள்ளத்தாக்கின் பிரமலைக் கள்ளர் உழவர்களைப் பற்றி மானிடவியலாளர் ஆனந்த் பாண்டியன் 2009இல் வெளியிட்ட ஆங்கில நூல், ஆட்சி மனிதரின் நடத்தையை வடிவமைக்கும் விதம் குறித்த பிரெஞ்சுத் தத்துவவியலாளர் ஃபூக்கோவின் சிந்தனையைத் தமிழ் அறமரபோடும் உழவர் பேச்சோடும் உரையாட வைத்தது. அந்நூலின் வலிமை அந்த உரையாடலில்தான் உள்ளது. வருசநாட்டை ஆராய வரும் இளைய ஆய்வாளர்கள் லெஃபேவ்ரைக் கற்று வரட்டும். இலவந்தோப்பில் உழைப்பவரின் விளக்கத்தையும் வெறும் தரவாக ஒதுக்காமல், கோட்பாட்டுக்கு இணையான சிந்தனையாக ஏற்று எழுதட்டும்.