காணும் வேட்கையும் காக்கும் அறமும்

கடல் தமிழர்க்குப் புதியதன்று. நிலத்தை ஐந்தாகப் பகுத்த நம் முன்னோர் அவற்றுள் ஒன்றைக் கடற்கரைக்கே உரியதாக்கி, அதற்கு நெய்தல் என்று பெயரிட்டனர். மீன் பிடிக்கவும், முத்துக் குளிக்கவும், உப்பு விளைக்கவும், பொருள் தேடிப் பிற நாடு செல்லவும் அவர்கள் கடலை நாடினர். ஆனால் எதனையும் பிடிப்பதற்காக அன்றி, அங்கு வாழும் உயிர்களைப் பார்ப்பதற்காக மட்டுமே ஒரு படகை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு கடலுக்குள் செல்வது அண்மைக்காலத்து வழக்கம். கொல்லாமல், பிடிக்காமல், கண்டு மகிழ்ந்து திரும்புவதில் குற்றம் என்ன இருக்க முடியும் என்று எவர்க்கும் தோன்றும். எங்களுக்கும் அவ்வாறே தோன்றியது. அவ்வெண்ணம் ஒரு காலைப்பொழுதில் ஆட்டங் கண்டது. அது ஏன் என்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோவாக் கடலில் ஒரு காலை

பிழைப்பின் பொருட்டு மும்பைக்கு வந்து அங்கேயே நிலைத்துவிட்ட நாங்கள் இரண்டு குடும்பத்தார், பிள்ளைகளின் விடுமுறையில் கோவாவுக்குச் சென்றிருந்தோம். மண்டோவி ஆறு கடலோடு கலக்குமிடத்தில், அகுவாடா கோட்டையை அடுத்த கடற்பகுதியில் ஓங்கில்கள் காணப்படும் என்பது அங்குச் சுற்றுலா செல்வோர் அனைவரும் அறிந்த செய்தி. ஓங்கில் என்பது டால்பினுக்குத் தமிழில் வழங்கும் பெயர். பலரும் நெருக்கியடித்துச் செல்லும் மோட்டார்ப் படகில் ஏற விருப்பமின்றி, எங்களுக்கென்றே ஒரு பாய்மரப் படகை அமர்த்திக்கொண்டோம். வாடகை மிகுதிதான். எனினும் 'தனிப்படகு' என்ற சொல்லில் எங்களுக்குச் சிறிது பெருமிதமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

கரையைவிட்டு விலகியதும் படகோட்டி எஞ்சினை நிறுத்திப் பாயை விரித்தார். காற்றின் ஒலியும், படகின் பக்கத்தில் நீர் மோதும் ஒலியும் தவிர வேறு ஓசையில்லை. அரைமணி நேரம் சென்றிருக்கும். தொலைவில் ஒரு சாம்பல்நிற முதுகு எழுந்து தாழ்ந்தது. முதுகின் நடுவே காளையின் திமில் போன்ற ஒரு மேடு. அதுவே அக்கடலுக்குரிய திமில் ஓங்கில். சிறிது நேரத்தில் அதன் அருகே இன்னொரு முதுகு, அதனினும் சிறியது.

நாங்கள் கண்டதைப் பிறரும் கண்டுவிட்டனர். மூன்று திசைகளிலிருந்து ஐந்தாறு மோட்டார்ப் படகுகள் விரைந்து வந்தன. முதுகு எழுந்த இடம் நோக்கிப் படகுகள் திரும்பின. அது மறைந்து வேறிடத்தில் எழுந்தவுடன் அவ்விடம் நோக்கிப் பாய்ந்தன. அந்தப் படகுகளில் இருந்தோர் எங்களைவிட அருகில் காண்கின்றனரே என்ற பொறாமை எங்களைப் பற்றிக்கொண்டது. "கூடுதலாகப் பணம் தருகிறோம், எஞ்சினைப் போட்டு அருகே கொண்டுபோங்கள்" என்று எங்களுள் மூத்தவர் கேட்டார். மற்றவருள் ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. தடுக்கும் எண்ணமும் எங்களுக்கு எழவில்லை. "குட்டி இருக்கிறது" என்று மட்டும் இந்தியில் சொல்லிவிட்டு, படகோட்டி சுக்கானைத் திருப்பி அவ்விடத்தைவிட்டு எங்களை விலக்கிக்கொண்டு போனார்.

அதன்பின் எதனையும் நாங்கள் காணவில்லை. பிள்ளைகள் முகம் வாடினர். 'கொடுத்த பணத்திற்குரிய காட்சி கிடைக்கவில்லை' என்று பெரியவர்கள் முணுமுணுத்தோம். அன்றிரவு விடுதியில் அதுவே பேச்சு. அப்படகோட்டி மறுத்தது முறையா? நாங்கள் கேட்டது தவறா? கேள்வி எளியது, விடை எளிதாக இல்லை.

பார்வை செய்த நன்மை

பார்வையின் பக்கம் நின்று முதலில் வழக்குரைப்போம். கடலின் பேருயிர்களை மனிதன் நெடுங்காலம் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் மட்டுமே தேடிச் சென்றான். அவற்றைக் காண்பதற்கென்று மக்களைப் படகில் ஏற்றிக் கட்டணம் வாங்கும் தொழில் 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் தொடங்கியது. கட்டணம் ஒரு டாலர். ஈட்டியோடு சென்ற கடலில் பார்வையோடு மட்டும் செல்லலாம் என்பதை அந்த ஒரு டாலர் காட்டியது. உயிரோடிருக்கும் திமிங்கிலத்தாலும் கடற்கரை ஊர் வாழும் என்ற எண்ணம் மெல்லப் பரவியது. 1982இல் பன்னாட்டுத் திமிங்கில வேட்டை ஆணையம் வணிக வேட்டையை நிறுத்தி வைக்க முடிவு செய்தது. சில நாடுகள் அம்முடிவுக்கு முற்றும் கட்டுப்படவில்லையாயினும், அது பெரியதொரு திருப்பமே.

கண்டவரே அன்பு கொள்வர். அன்பு கொண்டவரே காப்பர் என்பது பார்வையின் பக்கத்தார் கூறும் வாதம். இதனைப் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. நகரத்து அடுக்குவீட்டில் வளரும் நம் பிள்ளைகள் ஓர் உயிரை அதன் சொந்த வீட்டில் காண்பது நல்ல கல்வியே ஆகும்.

கண் அறியாத தீங்கு

ஆனால் காட்சி நமக்கு மட்டும் நிகழ்வதன்று. காணப்படும் உயிர்க்கும் அது ஒரு நிகழ்ச்சி. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் விரைந்து செல்லும். காற்றில் செல்வதைக் காட்டிலும் நான்கு மடங்குக்கு மேல். ஓங்கில் ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டே இரையை அறிகிறது. கூட்டத்தோடு தொடர்பு கொள்கிறது. அதற்குச் செவியே கண். எஞ்சின் ஓசையால் அக்கடலை நிரப்புவது, ஒருவர் உணவுண்ணும் அறையில் புகை மூட்டிவிட்டு அவர் உண்ணும் அழகைப் பார்க்க நிற்பது போன்றதாகும்.

நமக்கு வாய்ப்பான நேரம் அவற்றுக்கு வாய்ப்பான நேரமா என்பதும் ஒரு கேள்வி. ஹவாய்த் தீவுகளில் உள்ள சுழல் ஓங்கில்கள் இரவெல்லாம் ஆழ்கடலில் இரை தேடிவிட்டு, பகலில் கரையோர விரிகுடாக்களில் வந்து ஓய்வு கொள்கின்றன. சுற்றுலாப் பயணிகள் நீந்தவும் பார்க்கவும் செல்வதும் அந்தப் பகற்பொழுதிலேதான். ஆகவே கரையோரக் கடலில் அவற்றை 50 கஜத்திற்குள் நெருங்குவதை 2021இல் அமெரிக்க அரசு தடை செய்தது. உறங்குபவரை எழுப்பிப் பார்த்துவிட்டு, 'எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறார்' என்று வியப்பது முறையாகுமா?

எல்லாவற்றிலும் நம்மைச் சிந்திக்க வைப்பது மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே என்னும் விரிகுடாவில் நடந்த ஆராய்ச்சி. ஓங்கில்களைக் காட்டும் சுற்றுலாத் தொழில் அங்கு ஒருவரிடம் இருந்தவரை பெரிய மாறுதல் தெரியவில்லை. இரண்டாமவர் வந்தபின், அப்பகுதியில் ஓங்கில்களின் அளவு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்தது என்று 2006இல் வெளியான ஆய்வு கூறிற்று. சுற்றுலா இல்லாத பக்கத்துப் பகுதியில் அத்தகைய குறைவு இல்லை. அரசு இரண்டு உரிமங்களை ஒன்றாகக் குறைத்தது. இதில் ஆழ்ந்து நோக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. தொல்லையைப் பொறுக்கமாட்டாதவை விலகிச் சென்றுவிடுகின்றன, பொறுப்பவை தங்குகின்றன. படகில் செல்வோர் தங்கியவற்றை மட்டுமே காண்கின்றனர். கண்டு, 'இவை நம்மைக் கண்டு அஞ்சவில்லை' என்று முடிவு செய்கின்றனர். அஞ்சியவை கண்ணில் படுவதே இல்லை. ஆகவே, நம் பார்வை தீங்கற்றது என்பதற்கு நம் கண்ணையே சான்றாகக் கொள்ள இயலாது.

அன்று கோவாக் கடலில் நாங்கள் துரத்த விரும்பிய திமில் ஓங்கிலும் அருகிவரும் இனமே. கரையை ஒட்டிய ஆழமற்ற நீரே அதன் இருப்பிடம். வலை, கழிவு, துறைமுகம் என மனிதன் செய்யும் அனைத்தும் அதன் வாசலிலேயே நிகழ்கின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017இல் அதனை அழிவின் விளிம்பை நோக்கிச் செல்லும் இனமாக வகைப்படுத்தியது. 'எங்கள் ஒரு படகினால் என்ன ஆகிவிடும்?' என்று நாங்கள் எண்ணினோம். ஆறு படகில் இருந்தவரும் அவ்வாறே எண்ணியிருப்பர்.

பாய்மரம் மட்டும் போதுமா?

நாங்கள் சென்றது ஓசையற்ற பாய்மரப் படகாயிற்றே, அதனால் எங்கள் மீது பழியில்லை என்று கூறிக்கொள்ளலாமா? பாய் விரித்துச் செல்வது எஞ்சினைவிட நன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓசையின்மையே அறமாகிவிடாது. வருவதை அறியாத திமிங்கிலங்கள் மீது பாய்மரப் படகுகள் மோதிய நிகழ்ச்சிகளும் உண்டு. படகின் வகையைக் காட்டிலும் படகில் இருப்போரின் மனமே பெரிது. அன்று எங்கள் படகில் பாய் இருந்தது. மனத்திலோ எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

பணத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். நாங்கள் கொடுத்த வாடகை படகுக்கும் படகோட்டியின் உழைப்புக்கும் அவர் நேரத்திற்கும் உரியது. அந்தத் தாய் ஓங்கிலின் நேரத்தை அவர் எங்களுக்கு விற்கவில்லை. விற்கும் உரிமையும் அவருக்கில்லை. கோயிலுக்குச் செல்ல வண்டி பிடிக்கிறோம்; நடை சாத்தியிருந்தால் வண்டிக்காரரிடம் சண்டையிடுவதில்லை. கடலிலும் அந்த நியாயமே பொருந்தும் என்பதை நாங்கள் மறந்தோம்.

காணாமலும் அன்பு

இனி அடிப்படைக் கேள்விக்கு வருவோம். கண்டால்தான் அன்பு பிறக்குமா? 1970இல் ரோஜர் பேய்ன் என்னும் அறிஞர் கூன்முதுகுத் திமிங்கிலங்களின் குரலை இசைத்தட்டாக வெளியிட்டார். வேட்டைக்கு எதிராக உலகின் மனத்தைத் திருப்பியதில் அவ்விசைத்தட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. அதைக் கேட்டு உருகியவருள் மிகப்பலர் திமிங்கிலத்தை நேரில் கண்டவர் அல்லர்.

நம் இலக்கியத்திற்கு இது புதிய செய்தியா? பாண்டி நாட்டில் இருந்த பிசிராந்தையாரும் உறையூரில் இருந்த கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே உயிர் நண்பர்களாக வாழ்ந்ததைப் புறநானூறு காட்டுகிறது. சோழன் வடக்கிருந்தபோது, தன் நண்பன் வருவான் என்று இடம் ஒதுக்கச் சொன்னான். ஆந்தையாரும் வந்து சேர்ந்தார். காட்சி அந்நட்பின் விதையன்று. அது முதிர்ந்தபின் வந்த கனி.

குஜராத்தின் கடற்கரையைப் பாருங்கள். வேராவல் பகுதி மீனவர் ஒருகாலத்தில் திமிங்கிலச் சுறாவை வேட்டையாடினர். 2001இல் சட்டம் அதனைத் தடுத்தது. 2004இல் தொடங்கிய இயக்கம் அவர்கள் நெஞ்சைத் தொட்டது. இராமகதை சொல்லும் மொராரி பாபு அம்மீனைப் பேறுகாலத்திற்குத் தாய்வீடு வரும் மகளுக்கு ஒப்பிட்டார். பல்லாயிரம் மைல் கடந்தேனும் தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் நம் வீட்டுப் பெண்களை எண்ணினால், அவ்வுவமையின் ஆற்றல் நமக்கு விளங்கும். வலையில் அம்மீன் சிக்கினால், மீனவர் தம் வலையைத் தாமே அறுத்து அதனை விடுவிக்கலாயினர். அறுந்த வலைக்கு அரசு இழப்பீடு தருகிறது என்பது உண்மையே. எனினும் அன்றைய உழைப்பு போனது போனதுதான். நாம் பணம் கொடுத்து அருகே செல்ல விரும்பினோம். அவர்கள் இழப்பை ஏற்று விலகிப் போக விடுகின்றனர். இவற்றுள் எதனை அன்பு என்பது?

நம் தாயகத்திலும் அத்தகைய முயற்சி ஒன்றுண்டு. பாக் விரிகுடாவில் கடற்புல்லை மேய்ந்து வாழும் கடற்பசுவுக்காக, 2022இல் தமிழ்நாடு அரசு 448 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசுவுக்கென இந்தியாவில் அமைந்த முதற் பாதுகாப்பகம் அதுவே. ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் அவ்வுயிரை நம்முள் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? காணாவிட்டாலும் அது அங்கு இருக்கவேண்டும் என்று விரும்புகிறோம் அல்லவா?

விருந்தினர் ஒழுக்கம்

இவற்றால், எவரும் கடலுக்குச் செல்லலாகாது என்பது எம் முடிவன்று. பிற மண்ணில் வாழும் நமக்கு ஓர் ஒழுக்கம் பழகியிருக்கிறது. அயலார் வீட்டுக்குச் சென்றால் வாசலில் நின்று குரல் கொடுப்போம். உள்ளே அழைத்தால் செல்வோம். வீட்டில் பச்சைக்குழந்தை உறங்கினால் பிறகு வருகிறோம் என்று திரும்புவோம். கடலிலும் அதுவே போதும். படகை அமர்த்துமுன், தொலைவில் நிற்பாரா, துரத்தமாட்டாரா என்று கேட்போம்; அப்படிப்பட்டவருக்கே நம் பணத்தைக் கொடுப்போம். அவற்றின் வழியை மறிக்காமல், இரை போட்டு அழைக்காமல், நெடுநேரம் உடன் செல்லாமல் இருப்போம். அவையே நம்மை நாடி வந்தால் அதைப் பேறாகக் கொள்வோம். படகே இன்றிக் கரையிலிருந்தும் காணலாம். 1950இல் அதே சான் டியேகோ நகரில் ஒரு குன்றின் மேல் நின்று திமிங்கிலங்களைக் காண இடம் அமைத்தபோது, முதல் ஆண்டிலேயே ஏறத்தாழப் பதினாயிரம் பேர் வந்தனர்.

அனைத்திற்கும் மேலாக, காணாமல் திரும்பவும் மனம் வேண்டும். அம்மனம் உடையார்க்கே காணும் தகுதி உண்டு என்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் பிள்ளைகளிடம் அன்றைய பயணத்தின் படம் ஒன்றும் இல்லை. மறுநாள் புறப்படுமுன் நாங்கள் துறைக்குச் சென்று, அந்தப் படகோட்டியைத் தேடி நன்றி கூறினோம். கூடுதல் பணம் தருவதாகச் சொன்ன மூத்தவரே முதலில் கைகூப்பினார். எதற்கு நன்றி என்று விளங்காதவர்போல் அவர் சிரித்துவிட்டு, பாயை மடித்துக் கட்டும் தம் வேலையைத் தொடர்ந்தார். அந்தத் தாயும் குட்டியும் அன்று விலகிப் போன கடல் எங்கள் முன் அமைதியாகக் கிடந்தது. அவை அங்குத்தான் இருந்திருக்க வேண்டும், நாங்கள் தேடவில்லை.