ஆயா உட்காரலாமா?

பேரணாம்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய் நான்கு நாள் தங்க நேர்ந்தது. தோல் பதனிடும் ஊர்களுக்கே உரிய வாடை முதல் நாள் மூக்கைத் துளைத்தது, மறுநாள் பழகிவிட்டது. எதுவும் பழகிவிடுவது மனிதனுக்கு வரமா, சாபமா என்று ஓர் எண்ணம் ஓடிற்று. அதே ஊரில், ஏன், எல்லா ஊரிலும், நமக்குப் பழகிப் போன வேறொன்று உண்டு. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

காலையில் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் போகும். ஒரு தாய் பஸ் ஏறுகிறாள் என்றால், அவள் குழந்தையை இன்னொருத்தி இடுப்பில் வாங்கிக் கொள்கிறாள் என்று அர்த்தம். நான் தங்கிய வீட்டுக்கு எதிரே ஒரு பால்வாடி இருந்தது. காகிதத்தில் அதன் பெயர் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தேசம் முழுவதும் 33 வட்டாரங்களில் ஆரம்பித்த திட்டத்தின் வழியில் வந்தது. அங்கே ஒரு டீச்சர். அவருக்கு உதவியாக ஓர் ஆயா. ஐம்பது வயதிருக்கும்.

திண்ணையில் இருந்தபடி அந்த அம்மாளைக் கவனித்தேன். கதவைத் திறப்பாள், கூட்டுவாள். வராத குழந்தைகளை வீடு வீடாகப் போய் அழைத்து வருவாள். சமைப்பாள், ஊட்டுவாள், கால் கழுவி விடுவாள், தூங்க வைப்பாள், பாத்திரம் தேய்ப்பாள். அவள் உட்கார்ந்து மட்டும் நான் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கேட்டே விட்டேன்: “ஏம்மா, கொஞ்ச நேரம் உட்காரக் கூடாதா?”

“நான் ஒக்காந்தா ஒரு கொழந்த எழுந்து தெருவுக்கு ஓடிடும் சார்” என்றாள். சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அதுவும் இல்லாம, ஒக்காந்துனு இருந்தா பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?” என்றாள்.

இரண்டு பதில்கள். முதலாவது ஏற்பாட்டைப் பற்றியது. இன்னும் ஓர் ஆளைப் போட்டால் தீர்ந்துவிடும். இரண்டாவது தர்மத்தைப் பற்றியது; அவ்வளவு சுலபமாகத் தீராது. பிறரைக் கவனிப்பதே தொழிலாகக் கொண்டவள் தன்னைக் கவனித்துக் கொண்டால் அது சுயநலமா?

வட ஆர்க்காட்டுப் பேச்சில் ஆயா என்றால் பாட்டி. அந்த உறவுப் பெயரில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு தந்திரமும் இருக்கிறது. பாட்டி லீவு கேட்க மாட்டாள். பாட்டிக்கு இடுப்பு வலித்தால் குடும்பம் அதைக் கணக்கில் எழுதாது. மத்திய அரசு தன் பங்காகத் தரும் தொகைக்கு வைத்த பெயரும் சம்பளம் அன்று, மதிப்பூதியம்! 2018 அக்டோபரில் உதவியாளருக்கான அந்தத் தொகை மாதம் 1,500 ரூபாயிலிருந்து 2,250 ஆயிற்று. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்துக் கொடுக்கின்றன என்பதும் உண்மையே. ஆனாலும் பெயரில் மதிப்பும் கையில் குறைவுமாக இருப்பதை யார்தான் கவனிக்கவில்லை?

‘தியாகம் உயர்ந்ததில்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். உயர்ந்ததுதான். மடியில் ஒரு குழந்தை தூங்கிப் போனால் வலியெல்லாம் மறந்து போகிறது என்று அந்த அம்மாளே சொன்னாள். அந்த ஆனந்தத்தைக் கேலி செய்ய நான் யார்? ஆனால் ‘முடியாது’ என்று சொல்லக் கூடியவன் கொடுத்தால்தான் அது தியாகம். சொல்ல முடியாதவளிடமிருந்து வாங்குவதற்கு வேறு பெயர் உண்டு.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். களைத்துப் போன ஆயா குழந்தைகள் மேல் எரிந்து விழுவாள், ஆகவே அவளுக்கு ஓய்வு கொடு என்பது நியாயமான யோசனைதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் இதிலும் ஒரு குறை தெரிகிறது. சித்திரம் எழுதாத சுவர் இடிந்து போகலாமா? குழந்தைகளுக்கு நல்லது என்பதற்காக மட்டும்தான் அவள் நலமாக இருக்க வேண்டுமா? மனிதனை வெறும் கருவியாக ஒருபோதும் நடத்தாதே என்று ஜெர்மானிய ஞானி காண்ட் 1785-இல் எழுதினார். பிறரை மட்டுமல்ல, உன்னையும் அப்படி நடத்தாதே என்று சேர்த்தே எழுதினார். அந்தப் பின்பாதியை நாம் அதிகம் பேசுவதில்லை.

சட்டம் இதை மெல்ல மெல்லத்தான் உணர்கிறது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று ஒரு பிரிவு வைத்தார்கள். கடைச் சிப்பந்திகளும் உட்காரலாம் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்த 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கன்வாடி ஊழியருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 ஏப்ரலில். தோல் ஷாப்பில் நிற்பவனுக்காக அத்தனை காலத்துக்கு முன்பே யோசித்த நாம், அவன் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவளைப் பற்றி யோசிக்க எத்தனை காலம் எடுத்துக் கொண்டோம்!

ஆனால் எந்தச் சட்டம் வந்தாலும், ‘பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க’ என்ற பயத்தை அது போக்குமா? பார்ப்பவர்கள் யார்?

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் தாயார் படுக்கையில் கிடந்த மாதங்களில் ஒரு பெண் வந்து அவரைப் பார்த்துக் கொண்டாள். ஒரு மத்தியானம் நான் உள்ளே போனபோது அவள் நாற்காலியில் அமர்ந்து பத்திரிகை படித்துக் கொண்டிருந்தாள். “அம்மாவுக்கு மருந்து கொடுத்தாயிற்றா?” என்று கேட்டேன். அவள் சட்டென்று எழுந்து நின்றாள். மருந்து அரை மணிக்கு முன்பே கொடுத்தாகிவிட்டது. தாயார் நிம்மதியாகத் தூங்கிக் கொண்டிருந்தார். நான் கேட்டது மருந்தைப் பற்றி அல்ல என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப் பின் அவள் என் எதிரில் உட்காரவே இல்லை.

தன்னைக் கவனித்துக் கொள் என்று ஆயாவுக்கு உபதேசம் செய்வது சுலபம். வலி வந்தால் சொல்லம்மா, பசித்தால் முதலில் சாப்பிடம்மா என்று நானும் சொல்லலாம். அவள் சொல்லத்தான் வேண்டும். அதில் வெட்கம் இல்லை. ஆனால் அவள் உட்காரும் ஐந்து நிமிஷம் குழந்தையை இன்னொருவர் பிடித்துக் கொள்ள வேண்டும். பார்ப்பவர்கள் வாயை மூடிக் கொள்ள வேண்டும். இந்த இரண்டும் அவள் கையில் இல்லை.

புறப்படும் நாள் காலையில் பால்வாடி வாசலில் நான் போய் நின்றுகொண்டேன். “தெருப்பக்கம் நான் பார்த்துக்கறேன், டீயைக் குடியுங்கம்மா” என்றேன். சிரித்துக்கொண்டே படியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். டீ தீரும் வரை அவள் கண் குழந்தைகளைப் பார்த்தது. நடுவே இரண்டு தடவை என் முகத்தையும் பார்த்தது. நான் தெருவையே பார்த்துக் கொண்டிருந்தேன்.