அடி பருத்த பிறகே உயரம்



பன்னிரண்டு வயதில் எருசலேம் கோவிலில் காணப்பட்ட இயேசு, நாசரேத்துக்குத் திரும்பி மரியாவுக்கும் யோசேப்புக்கும் பணிந்து வாழ்ந்தார் என்று இன்றைய லூக்கா நற்செய்தி சொல்கிறது. அதன்பின் ஏறத்தாழ முப்பது வயதில் பணி தொடங்கும்வரை அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அந்த ஆண்டுகள் எதற்கு?

ஆறுமுகநேரிக்காரர்களாகிய நமக்குப் பனை பதில் சொல்லும். பனங்கொட்டையின் முளை மேலே வருவதில்லை; முதலில் மண்ணுக்குள் இறங்குகிறது. பொங்கலுக்குத் தோண்டி அவிக்கிறோமே, அந்தக் கிழங்கு அங்கேதான் திரள்கிறது. தோண்டாமல் விட்டால் வடலியாகும். வடலி பல ஆண்டுகள் தரையோடு தரையாக ஓலை விரித்து நிற்கும், உயரமே காணாது. ஆனால் உள்ளே அடி பருத்துக்கொண்டிருக்கிறது. பருத்து முடித்த பிறகே மரம் மேலே கிளம்பும்.

வேம்புக்கும் புளிக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. அவற்றின் பட்டைக்கு அடியில் மெல்லிய வளர்திசு ஒன்று உண்டு. பள்ளிப் பிள்ளைகள் கேம்பியம் என்று படிப்பது அதைத்தான். அது உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் உணவு கடத்தும் திசுவையும் உண்டாக்கிக்கொண்டே இருப்பதால், அந்த மரங்கள் வயதாக வயதாகப் பருக்கின்றன. பனைக்குக் கேம்பியம் கிடையாது. தொடக்கத்தில் சேர்த்த பருமனே கடைசிவரை தாங்க வேண்டும்.

பெற்றோரே, பிள்ளை சீக்கிரம் உயர வேண்டும் என்று தவிக்கிறோம். டியூஷன் இருக்கிறதென்று மறைக்கல்வியை விடுகிறோம். பரீட்சை முடியட்டும் என்று குடும்பச் செபத்தைத் தள்ளிப்போடுகிறோம். 1542-இல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், திருமுழுக்குப் பெற்றும் போதனை கிடைக்காதிருந்த மக்களைக் கண்டார். செபங்களைத் தமிழில் ஆக்குவித்துச் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்று அவர் போட்ட அடி இன்றும் இந்தக் கரையைத் தாங்குகிறது.

'என் அடியே சரியாக அமையவில்லையே, சாமி' என்று வருந்துகிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். குடியில் இழந்த ஆண்டுகள், முறிந்த உறவுகள், கோவிலை மறந்த காலம். உங்களுக்கு நான் வேம்பைக் காட்டுகிறேன். அரிவாள் பட்ட இடத்தில் காயத்தின் ஓரம் மெல்ல உருண்டு திரண்டு, நாளடைவில் வெட்டையே மூடிவிடுகிறது. பனையில் விழுந்த வெட்டு அப்படியே நிற்கும். கடவுளின் அருள் பெற்ற மனிதர் எந்த வயதிலும் பருக்கலாம், எந்தக் காயமும் ஆறலாம். சக்கேயு ஒரே நாளில் திரும்பினார். சிலுவையில் தொங்கிய கள்வன் கடைசி மணித்துளியில் திரும்பினான். ஒப்புரவு அருட்சாதனம் திருச்சபையில் இருப்பதும் இதற்காகவே.

ஆகவே இந்த வாரம் இரண்டு காரியம் செய்வோம். இரவில் சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகளோடு அமர்ந்து செபிப்போம். பேச்சு முறிந்த ஒருவரிடம் நாமே முதலில் போய்ப் பேசுவோம். நாசரேத்தில் தம் மகனைப் பொறுமையாக வளர்த்த விண்ணகத் தந்தை, நம் பிள்ளைகளை உறுதிப்படுத்தி, நம் காயங்களையும் ஆற்றுவாராக. ஆமென்.