விளக்கு யாருடையது?

கனடாவின் கல்கரி நகரில் ஐஸ் ஹொக்கிக்கான புதிய அரங்கொன்றின் வேலை 2024 ஜூலையில் ஆரம்பமாயிற்று. 2023ஆம் ஆண்டின் உடன்பாட்டின்படி மொத்தச் செலவு 1.22 பில்லியன் டொலர். நகரம் 537 மில்லியனும், அல்பேர்ட்டா மாகாண அரசு 330 மில்லியன் வரையும் தருகின்றன. அணியின் உரிமையாளர்கள் தம் பங்கின் பெரும்பகுதியை 35 ஆண்டுத் தவணையில் செலுத்துவர்.

மாகாண அரசின் வாதம் எனக்குச் சுவையாயிருந்தது. தன் பணம் பிரதான அரங்குக்குப் போகவில்லையாம். வீதி, பாலம், ரயில் இணைப்பு, காணி போன்றவற்றுக்கே போகிறதாம்.

அரச அலுவல் முடிந்து சொந்தப் பேச்சு தொடங்கியதும், பைத்துல்மால் எண்ணெயில் எரிந்த விளக்கைக் கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அணைத்ததாகச் சொல்வார்கள். வீதியை அப்படி அணைக்க முடியாது. ஆட்டம் பார்க்கப் போகிறவனும் இரவு வேலைக்குப் போகும் தாதியும் அதே ரயிலில்தான் ஏறுவார்கள். பிறகு கணக்கை எப்படிப் பிரிப்பது?

எனக்கு ஓர் அளவுகோல் தோன்றுகிறது. அரங்கு வராவிட்டாலும் அந்தப் பாலம் அதே இடத்தில், அதே காலத்தில் கட்டப்படுமா? ஆம் எனில் அது ஊருக்கான செலவு. இல்லையெனில், எந்தத் தலைப்பில் எழுதினாலும் அது அரங்கின் செலவே.

கட்டடம் நகரத்துக்கே சொந்தம். மக்களின் களிப்புக்கும் ஒரு பெறுமதி உண்டு. ஆகவே கொடுப்பதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பொதுப்பணம் அமானிதம். அதைக் கொடுப்பவர் எதற்குக் கொடுக்கிறார் என்பதை அதன் சொந்தப் பெயரிலேயே சொல்லக் கடமைப்பட்டவர்.