பேசாத பெட்டியும் ஆராயாத தீர்ப்பும்

ஒரு பொருள் தன் தொழிலைச் செய்யாது நின்றுவிட்டால், உடனே அதன்மேல் குற்றம் சாட்டுவது முறையா? அன்றி, அதற்கு வந்து சேரவேண்டியவை வந்து சேர்ந்தனவா என்று முதலிற் கேட்பது முறையா? பார்வைக்கு இது சிறு கேள்வியே. ஆயினும் மனிதர் மனிதர்க்கு வழங்கும் தீர்ப்புகளிற் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடுகின்றன. இதனை ஏட்டுச் சான்றுகளைக் கொண்டு ஆராய்வதினும், லாபிஸ் பட்டணத்தில் ஓடும் ஒரு பழைய மோட்டார் காரைக் கொண்டு ஆராய்வது எளிதென்று நமக்குத் தோன்றுகின்றது.

சிகாமட்டிலிருந்து யோங் பெங்குக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது லாபிஸ். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். தோட்டத்திற் குடியிருப்போர்க்குக் கடையும் பள்ளியும் மருத்துவமும் தொலைவில் இருத்தலின், கார் இங்கே ஆடம்பரப் பொருளன்று. இருபதாண்டு கடந்த வண்டியையும் துடைத்துப் பேணி ஓட்டுவோர் நம்மிற் பலர். ஏறி அமர்ந்ததும் மின்னல் பண்பலையைத் திருப்புவதும் அவர்க்கு வழக்கம். ஒருநாள் ரேடியோவின் விளக்கு எரிகின்றது. நிலைய எண் தெரிகின்றது. ஓசை மட்டும் இல்லை. “ஆம்பிளிபையர் போய்விட்டது, கழற்றி எறியுங்கள்” என்று அருகிலிருப்பவர் தீர்ப்புக் கூறிவிடுகிறார்.

இந்த ஆம்பிளிபையர் என்பது யாது? 1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பால் கால்வின் என்பாரின் தொழிற்கூடம் மோட்டரோலா என்னும் பெயரில் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது வெற்றிடக் குழாய்களால் இயங்கியது. 1947-இல் பெல் ஆய்வுக்கூடத்தார் டிரான்ஸிஸ்டரைக் கண்டனர். 1955-இல் கிரைஸ்லர் கம்பெனி குழாயே இல்லாத கார் ரேடியோவை அளித்தது. பின்னர், ரேடியோ தரும் மெல்லிய ஒலிக்குறியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் வேலையைத் தனிப் பெட்டி ஒன்றுக்கு ஒப்படைக்கும் வழக்கம் விலையுயர்ந்த வண்டிகளில் பரவியது. அப்பெட்டி ஆசனத்தின் கீழோ பின்பெட்டியின் ஓரத்திலோ மறைந்திருக்கும். பழைய பி.எம்.டபிள்யூ வண்டிகள் சிலவற்றில் பின்பெட்டியின் இடப்புற உறையைக் கழற்றினாலன்றி அதனைக் காணவும் இயலாது.

மறைந்திருப்பதே அதற்கு வந்த கேடு. ரேடியோ கண்முன் ஒளிர்கிறது. ஆகவே அதன்மேல் ஐயம் எழுவதில்லை. ஸ்பீக்கர் காதருகே இருக்கிறது; பழகிய பொருள். இருளிற் கிடக்கும் பெட்டியை ஒருவரும் அறியார். ஆகவே பழி அதன்மேல் விழுகின்றது. அறியாதவர்மேற் பழி சுமத்துதல் எளிது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆனால் தொழிலறிந்தவர் பெட்டியை உடனே கழற்றுவதில்லை. அவர் சில கேள்விகளை வரிசையாகக் கேட்கிறார். பியூஸ் எரிந்துளதா? பாட்டரியிலிருந்து வரும் கம்பியில் 12 வோல்ட் இருக்கிறதா? “விழித்துக்கொள்” என்று ரேடியோ பெட்டிக்குக் கட்டளையனுப்பும் மெல்லிய கம்பியில், ரேடியோவைத் திருப்பியதும் மின்சாரம் வருகிறதா? எர்த் கம்பி வண்டியின் இரும்போடு உறுதியாகப் பற்றியிருக்கிறதா? ஒலிக்குறி உள்ளே வந்து சேர்கிறதா? ஸ்பீக்கர் உயிரோடுளதா? இக்கடைசிக் கேள்விக்கு, கம்பியைக் கழற்றி, ஒன்றரை வோல்ட் பாட்டரியால் ஸ்பீக்கரை ஒருகணம் தொட்டாற் போதும். “டிக்” என்றால் உயிருண்டு.

இவ்வாராய்ச்சியில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு கம்பியில் ஒற்றை இழை தவிர மற்றெல்லாம் அறுந்திருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும். சுமை ஏற்றிப் பார்த்தால்தான் அந்த வோல்ட் சரிந்து விழுவது தெரியும். ஆகவே அறிந்தவர், ரேடியோ ஓடும்போதே பெட்டியின் எர்த் முனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளக்கிறார். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் தென்பட்டால் கெட்டது பெட்டியன்று; பாதை. சுமையில்லாத நேரத்தில் எல்லாம் செம்மையாகவே காட்சியளிக்கும். அலுவலக நாற்காலியிலிருந்து உலகத்தைக் காண்போர் இதனை மறவாதிருத்தல் நன்று.

நம் வட்டாரத்திற்கு இன்னுமொரு காரணமும் உண்டு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும், பின்னர் 2011-இலும் 2023-இலும் சிகாமட் வட்டாரம் பெருவெள்ளம் கண்டது. பின்பெட்டிக்குள் புகுந்த நீர் வடிந்துவிடும். கம்பிமுனைகளிற் படிந்த பச்சைக் களிம்பு வடியாது. வெள்ளத்தின் வேலை மாதங்கள் கழித்தே மௌனமாக வெளிப்படும். அப்போது வெள்ளத்தை யார் நினைக்கிறார்? பெட்டியையே வைகிறோம்.

இவ்வளவும் பார்த்த பின்னரும் குற்றம் பெட்டியினிடத்தே என்று தேறுமாயின், அப்போதுதான் அதனைக் கழற்றவேண்டும். அதற்கும் முறையுண்டு. பாட்டரியின் எதிர்முனையை விடுவிக்குமுன் ரேடியோவின் இரகசிய எண் கையிலிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்; இல்லையேல் சில பழைய ரேடியோக்கள் மீண்டும் வாய் திறவா. ஒவ்வொரு கம்பிக்கும் அடையாளம் இட்டு, முனைகளைப் பிடுங்காது கொக்கியை அழுத்தி விடுவிக்கவேண்டும். பெட்டியைத் திறந்தால், முதிர்ந்த கெப்பாஸிட்டர்கள் கசிந்து செப்புத் தடங்களை அரித்திருக்கக் காணலாம். சூடேறிச் சூடேறி ஈயப்பற்று வெடித்திருக்கவும் காணலாம். முழுப் பெட்டியும் குற்றவாளியன்று. அதனுள்ளும் ஒரு சிற்றுறுப்பே குற்றமுடையது. ஆராய ஆராயக் குற்றத்தின் அளவு சுருங்குகின்றது. ஆராயாதபோதோ அது பெருகுகின்றது.

குறுக்குவழிகள் இரண்டு. எரிந்த பியூஸை எடுத்துவிட்டு அதனினும் தடித்ததைச் செருகுவது ஒன்று. பெட்டியையே நீக்கி, வரும் கம்பியையும் போகும் கம்பியையும் முறுக்கிக் கட்டுவது மற்றொன்று. இரண்டாவது சில வண்டிகளிற் பலிக்கும். ஆனால் சில வண்டிகளின் ஸ்பீக்கர்கள் இரண்டு ஓம் அல்லது அதனினும் குறைந்த தடையுடையனவாய், அந்தப் பெட்டிக்கென்றே அமைந்தவை. அவற்றை நேரே கட்டினால் ரேடியோ தாங்கமாட்டாது வெந்துபோம். ஒருவன் சுமையை ஆராயாது அடுத்தவன் தலையில் ஏற்றுவதன் பயன் அதுவே. முதலாவதோ அதனினும் கொடிது. பியூஸ் எரிவது குற்றமன்று, அது எச்சரிக்கை. எச்சரித்தவன் வாயை அடைத்தால் தீ கம்பியிற் பற்றும்.

இதனை நம் சரித்திரத்தோடு ஒட்டிப் பாருங்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு ஒத்த கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும், துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கவேண்டுமென்ற இழிவு ஒழியவேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகளுட் சில. ஆட்சியாளர் கோரிக்கைகளின் காரணத்தை ஆராய்ந்தனரா? கிளர்ச்சிக்காரரின் தூண்டுதல் என்றனர். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, தொழிலாளர் சுடப்பட்டு மாண்டனர். எரிந்த பியூஸைப் பிடுங்கியெறிந்து தடித்த கம்பியைச் செருகியதன்றி இது வேறென்ன?

அது பழங்கதை என்று நாம் ஆறுதலடைதல் கூடாது. இன்றும் செக்ரோலிற் பால் குறைந்தால், “ஆள் சோம்பேறி” என்று எழுதாக் குறிப்பு ஒன்று நம் மனத்தில் விழுகின்றது. மழை பெய்ததா, மரம் இலையுதிர்த்த பருவமா, பட்டை தேய்ந்த நிரையா என்று கேட்பவர் எத்தனை பேர்? வகுப்பிற் பேசாத குழந்தையை மக்கு என்கிறோம். காலையில் அது உண்டதா, கரும்பலகை அதன் கண்ணுக்குத் தெரிகின்றதா என்று கேட்பதில்லை. மருமகள் வந்தபின் வீட்டில் துன்பம் நேர்ந்தால் அவள் காலடியின் பலன் என்கிறோம். ஒன்றும் விளங்காவிடில் தலைவிதி என்று முடிக்கிறோம். விதி என்பது மீட்டரைக் கையிலெடுக்க மனமில்லாதவன் எழுதும் தீர்ப்பு. கோவலன்மேல் திருட்டுப் பழி சுமத்தியவன் திருடிய பொற்கொல்லனே என்பதைச் சிலப்பதிகாரம் கற்றோர் அறிவர். அப்பழியை ஆராயாது ஏற்ற பாண்டியன் அடைந்த கதியையும் அறிவர். அறிந்தும் நாம் பாண்டியன் செய்ததையே செய்கிறோம்.

ஆயின், எவர்மீதும் குற்றமே இல்லையோ என்று சிலர் கேட்கலாம். நன்றாகக் கேட்டார். எல்லாவற்றிற்கும் சூழ்நிலையைக் காரணங்காட்டி உண்மையான சோம்பலையும் வஞ்சத்தையும் மன்னித்தல் நியாயமன்று. அது மற்றொரு சோம்பல். மின்சாரமும் கட்டளையும் எர்த்தும் ஒலிக்குறியும் செம்மையாக வந்து சேர்ந்தும் பெட்டி பேசாதிருந்தால், குற்றம் அதனுடையதே. அதனைக் கூசாது சொல்லவேண்டும். நாம் வேண்டுவது தீர்ப்பின்மையன்று, தீர்ப்பின் வரிசை. ஒருவனுக்குச் சேரவேண்டியதைச் சேர்த்தோமா என்பது முதற்கேள்வி. அவன் செய்யவேண்டியதைச் செய்தானா என்பது இரண்டாவது. முதற்கேள்வியைக் கேளாதவனுக்கு இரண்டாவதைக் கேட்க உரிமையில்லை.

தலைமுறை தலைமுறையாகப் பிறர் தீர்ப்புக்கு ஆளான சமூகம் நம்முடையது. அத்தகைய நாமே மற்றவரை ஆராயாது பழித்தல் தகுமோ? கூலி குறைந்தவனும், பள்ளியிற் பின்தங்கிய சிறுமியும், வீட்டில் வாய்பேசாத பெண்ணும் நம்முன் நிற்கும்போது, நம் கை முதலில் எதனை நோக்கிப் போகின்றது? கழற்றி எறிதலை நோக்கியா, கம்பியைத் தொட்டுப் பார்த்தலை நோக்கியா? நமது நாகரிகத்தை அளக்க இதனினும் நேரான அளவுகோல் நமக்குத் தெரியவில்லை.