பாட்டைத் திருத்தலாமோ?

புனே நகரில் நாம் நடத்தும் பௌர்ணமி வந்தனையொன்றில் மூதாட்டியார் ஒருவர் திரிசரணத்தை ஒப்பாரி மெட்டில் இழுத்துப் பாடினார். மெட்டுத் தவறென்று நாம் இடைமறித்துத் திருத்தினோம். அம்மையார் வாய் மூடினார். அடுத்த வந்தனைக்கு வந்தும் பாடினாரில்லை. நாம் செய்தது அறமாகுமோ என்னும் ஐயம் அன்று முதல் நம்மை விட்டபாடில்லை.

இப்புனே மாவட்டத்து மாவல், முல்ஷி முதலிய மலைப்புறச் சிற்றூர்களில் பெண்கள் விடியுமுன் எழுந்து, திரிகையில் மாவரைத்தபடி இரண்டிரண்டு அடிகளாகப் பாடி வந்தனர். மராத்தியில் இதனை ஓவி என்பர். ஹேமா ராய்ர்கர், கீ புவாத்வேன் என்னும் அறிஞர் இருவர் ஊர் ஊராகச் சென்று திரட்டிய ஓவிகள் 1,00,000க்கும் மேற்பட்டவை. தாயிடம் கேட்டதை மகள் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோவாள். அங்கே திரிகையின் மறுபுறம் அமர்ந்தவள் தன் ஊர் மெட்டில் இழுப்பாள். மெட்டுக்குச் சொல் போதாவிடில் 'பாயீ' என்றொரு விளியைச் சேர்த்து நிரப்புவர். ஆகவே அடிகள் ஒன்றாயிருக்க, மெட்டு ஊருக்கூர் வேறுபடும். மின்சார மாவரைப்பு நிலையம் வந்தபின் இப்பாட்டுத் தேய்ந்தது. நூலாலையில் உழைத்த நாம் இதன் காரணம் அறிவோம்: இயந்திர இரைச்சலில் தன் குரல் தனக்கே கேளாது.

நாம் வியப்பது மற்றொன்று. இராமனையும் சீதையையும் பண்டரிபுரத்து விட்டலனையும் பாடிய அதே ஓவியில் பாபாசாகேப் அம்பேத்கரும் பகவான் புத்தரும் புகுந்தனர். 1954 டிசம்பர் 25இல் புனேயை அடுத்த தேஹு ரோடில் பாபாசாகேப் புத்தர் திருவுருவை நிறுவினார். 1956இல் நாகபுரியில் தீட்சை நிகழ்ந்தது. திரிகையருகே ஒருவர் நின்று, 'இம்மெட்டு விட்டலனுக்கே உரியது, மாற்றாதே' என்று தடுத்திருப்பின், அப்பெண்களின் வாயில் பாபாசாகேப் பெயர் எவ்வழி நுழைந்திருக்கும்?

எனினும் எதையும் எப்படியும் மாற்றலாம் என்று நாம் சொல்லத் துணியோம். ராஜகிருகத்தில் ஆனந்தர் ஓதியதை இலங்கை அலுவிகாரையில் ஏட்டிலெழுதும் வரை தேரர்கள் பல நூற்றாண்டு வாய்மொழியாகவே காத்தனர். ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி திருத்தியிருந்தால் நமக்கு எது மிஞ்சும்? தம்மத்தைப் பாட்டாக நீட்டி ஓதினால் ஐந்து கேடுகள் உண்டென்றும் பகவான் பிக்குகளை எச்சரித்தார்.

ஆனால் அதே வினயம் இன்னொன்றும் கூறுகிறது. பிராமண குலத்துப் பிக்குகள் இருவர், பல நாட்டார் தத்தம் பேச்சால் புத்தவசனத்தைக் கெடுக்கின்றனர், அதனைச் சந்தஸில் அமைப்போம் என்று வேண்டினர். பகவான் மறுத்து, சொந்த மொழியிலேயே கற்க அனுமதித்தார். உரைகாரர் இதற்கு மகதமொழி என்று பொருள் கொண்டனர். நாம் அவ்வுரையை ஏற்பதற்கில்லை. மேலும், ஐந்து கேடுகளுள் முதலாவது தன் குரலில் தானே மயங்குதல். அன்று தம் குரலில் மயங்கியவர் அம்மையாரல்லர், நாமே.

அவர் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டோம். "எங்கம்மா சாவு வீட்டுல பாடுன மெட்டு ஐயா, எனக்கு அது ஒண்ணுதான் தெரியும்" என்றார். வரும் பௌர்ணமியில் முதலடியை அவரே எடுத்துக் கொடுக்க, நாம் தொடர்ந்து பாடுவோம். 'கச்சாமி' என்பதை அவர் 'கெச்சாமி' என்கிறார். அதனை மட்டும் தனியே சொல்லிக் கொடுக்கலாமா என்று இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.